கொப்பியில் எழுதாத நாள்: லயத்துக் கணக்கும் ‘செலவில்லா நாளும்’

மாதத்தில் சில நாட்களை முன்கூட்டியே குறித்துவைத்து, அந்த நாட்களில் ஒரு சதமும் செலவழிப்பதில்லை என்று தீர்மானித்துக்கொள்வதைத்தான் ‘செலவில்லா நாள்’ என்கிறார்கள். வீட்டுச் செலவைக் குறைக்க வழி தேடுகின்றவர்களுக்கு இணையத்தில் அடிக்கடி கிடைக்கும் ஆலோசனைகளில் இதுவும் ஒன்று. சம்பளம் மாதாமாதம் வங்கிக் கணக்கில் விழுகின்ற, நினைத்தபோது கடைக்குள் நுழையக்கூடிய ஒரு நகரத்துக் குடும்பத்துக்கு இது உடனே விளங்கும்.

றக்வானயைச் சுற்றியுள்ள தோட்டம் ஒன்றின் லயத்தில் இதையே சொன்னால் சிரிப்பார்கள். கையில் காசு இல்லாத நாட்கள்தான் அங்கு அதிகம். பத்தாம் திகதியை ஒட்டிச் சம்பளம், இடையில் ஒரு தடவை அட்வான்ஸ், மற்ற நாட்களெல்லாம் கடைக் கொப்பி. காசு கைமாறாத நாளையெல்லாம் செலவில்லா நாள் என்று எண்ணினால், ஒரு தோட்டத்துக் குடும்பத்துக்கு மாதத்தில் இருபது நாட்களாவது அப்படித் தேறும். அந்த இருபது நாட்களிலும் மாவும் சீனியும் பிஸ்கட் பக்கட்டும் கொப்பியில் ஏறிக்கொண்டேயிருக்கும்.

ஆகவே இந்த யோசனையைத் தோட்டத்துக்குக் கொண்டுவருவதானால் முதலில் ஒன்றை மாற்ற வேண்டும். இங்கே எண்ண வேண்டியது கடைக் கொப்பியில் நம் பெயருக்குக் கீழே ஒரு வரியும் ஏறாத நாள். மற்றவையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

றக்வான, இரத்தினபுரி மாவட்டத்தின் தென்பகுதியில், மாதம்பையிலிருந்து தெனியாய ஊடாகக் காலிக்குச் செல்லும் ஏ17 வீதியில் உள்ள ஒரு சிறு நகரம். தேயிலையும் இறப்பரும் கலந்த தோட்டங்கள், சுற்றிலும் சிங்களக் கிராமங்கள், கறுவாத் தோட்டங்கள், இரத்தினக்கல் குழிகள் என்று கலவையான நிலம். நுவரெலியா, ஹட்டன் பக்கம்போல் இங்கே தமிழர்கள் தொகையில் பெரியவர்கள் இல்லை. கிராமங்களுக்கு நடுவே தோட்டங்கள் தீவுகள்போலக் கிடக்கின்றன. 1977இலும், பிறகு 1981 ஓகஸ்டிலும் இரத்தினபுரி மாவட்டத்தின் தோட்டத் தமிழர்கள் தாக்கப்பட்டபோது றக்வானயும் தப்பவில்லை. அந்த ஆண்டுகளிலும் 1983க்குப் பின்னரும் மலையகத் தோட்டங்களைவிட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. 2009இல் வன்னியில் எல்லாவற்றையும் இழந்தவர்களுள் அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இருந்தார்கள். இன்று கிளிநொச்சியில் கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் கடைக் கொப்பிக்கும் றக்வானயில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கடைக் கொப்பிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இந்தக் கட்டுரை றக்வானயைப் பற்றியது என்றாலும் வடக்கிலுள்ள வாசகர்களும் தங்கள் கணக்கை இதில் போட்டுப் பார்க்கலாம்.

செலவை எழுதிவைத்துக் கட்டுப்படுத்தும் முறைக்கு உலகில் அதிகம் பேசப்படும் எடுத்துக்காட்டு ஜப்பானிலிருந்து வருகிறது. ஹானி மொட்டோகோ அந்நாட்டின் முதல் பெண் பத்திரிகையாளர்களில் ஒருவர். அவர் 1904இல் குடும்பத் தலைவிகளுக்கென்று ஒரு கணக்குப் புத்தகத்தை வெளியிட்டார். ‘ககேபோ’ என்று இன்று பல மொழிகளில் விற்கப்படும் முறைக்கு அதுவே தொடக்கம். மாத ஆரம்பத்திலேயே வரவைப் பகுத்து வைப்பதும், செலவைக் கையால் எழுதுவதும் அதன் அடிப்படை. 1992இல் கனடாவின் வன்கூவரில் டெட் டேவ் என்ற ஓவியர் ‘எதையும் வாங்காத நாள்’ என்ற ஒன்றைத் தொடங்கினார். அதன் நோக்கம் வேறு. தேவைக்கு மேல் வாங்கிக் குவிக்கும் சமூகத்துக்கு எதிரான மறுப்பு அது. இணையத்தில் இன்று சுற்றிவரும் ‘செலவில்லா நாள்’ ஆலோசனையில் இரண்டின் சாயலும் உண்டு.

நம் வீடுகளிலும் இதன் துண்டுகள் இருந்தன. விளக்கு வைத்த பிறகு காசு கொடுக்கக்கூடாது, வெள்ளிக்கிழமை கடன் கொடுக்கக்கூடாது என்பவற்றை நம்பிக்கை என்று ஒதுக்கிவிடுகிறோம். காசு வீட்டைவிட்டு வெளியேறாத ஒரு நேரத்தை அவை உண்டாக்கின என்பதும் உண்மை. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை வேறு பானையில் போட்டுவைக்கும் பிடியரிசிப் பழக்கத்தை மூத்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் மலையகத்தில் அரிசியே நீண்ட காலம் சம்பளக் கணக்கோடு கட்டப்பட்டிருந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோதுகூட, நிர்ணயித்த விலைக்குத் தோட்டம் வழங்கும் அரிசி அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதியாகவே இருந்தது.

தோட்டத்தில் கடன் என்பது குடும்பத்தின் ஊதாரித்தனத்தால் வந்ததும் அல்ல. தென்னிந்தியாவிலிருந்து புறப்படும்போதே தொழிலாளியின் பெயரில் கங்காணி கடன் எழுதிவிடுவார். கப்பல் செலவும் வழிச் சாப்பாடும் முன்பணமும் அதில் அடங்கும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறுவதற்கு ‘துண்டு’ வேண்டும். இவ்வளவு கடனைத் தீர்த்தால் இத்தனை ஆட்களை விடுவிப்போம் என்று பழைய தோட்டம் எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் கடனைக் கட்டும், தொழிலாளி கடனோடு கைமாறுவார். 1921இல் அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சம்பளத்துக்கு முன்பே கடன் எழுதப்படும் வழக்கமோ வேறு வடிவங்களில் தொடர்ந்தது. தீபாவளி முற்பணம் இன்றும் அடுத்தடுத்த மாதங்களின் சம்பளத்திலிருந்து துண்டு துண்டாகக் கழிக்கப்படுகிறது.

இந்த வரலாற்றைச் சொல்லாமல் ஒரு தோட்டத்துக் குடும்பத்துக்குச் சிக்கனம் போதிப்பது நியாயமாக இராது. அண்மைக்கால எண்களும் அதையே சொல்கின்றன. 2019 ஜனவரியில் கூட்டு ஒப்பந்தத்தின்படி அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. 2021இல் சம்பள நிர்ணயச் சபை மூலம் 1,000 ரூபா ஆனது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தொட்டது. உணவுப் பொருட்களில் அது 95 சதவீதத்தை நெருங்கியது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளமோ 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் வரும்வரை அதே 1,000 ரூபாவில் நின்றது. 2026ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அதனை 1,550 ஆக உயர்த்தவும், வருகைக்காக அரசாங்கம் 200 ரூபா வழங்கவும் முன்மொழியப்பட்டது.

நாட்சம்பளத்தை மட்டும் பார்த்தால் முழுப் படம் தெரியாது. மாதத்தில் எத்தனை ‘பேர்’ விழுகிறது என்பதே கேள்வி. ஒரு மாதத்தில் 18 பேர் விழுந்தால் 1,350 வீதம் 24,300 ரூபா. அதிலிருந்து சேமலாப நிதி, சந்தா, முற்பணம் எல்லாம் கழிய வேண்டும். இருவர் வேலைக்குப் போனாலும் கழிவுகளுக்கு முன் 48,600. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வறுமைக் கோடு 2024இல் ஒருவருக்கு மாதம் 16,000 ரூபாவுக்கு மேல். நான்கு பேருள்ள குடும்பத்துக்கு 64,000ஐத் தாண்டும். இரண்டு பேர் உழைத்தும் எட்டாத கோடு அது. நெருக்கடிக்கு முன்னர், 2019இல் எடுத்த வீட்டு வருமான செலவின ஆய்விலேயே தோட்டத்துறையில் 33.8 சதவீதமானோர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். நாட்டின் சராசரி 14.3 சதவீதம்.

இந்த இடைவெளியைச் செலவில்லா நாட்களால் நிரப்ப முடியாது. ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: கடைக்கு ஒரு தடவை போனால், வாங்கப் போன பொருளைத் தவிர 150 ரூபாவுக்கு வேறு ஏதாவது சேர்ந்துவிடுகிறது. பிள்ளைக்கு ஒரு மிக்ஸர் பக்கட், ஒரு கூறு வெற்றிலை, ஒரு லொத்தர் சீட்டு, ஒரு சிறு ரீலோட். மாதத்தில் எட்டு நாட்கள் கடைப் பக்கம் போகாமல் இருந்தால் 1,200 ரூபா மிஞ்சும். அது ஒரு நாள் சம்பளத்துக்குக்கூட ஈடாகாது. ஆனால் ஒரு வருடத்தில் 14,400 ரூபா. புதிய தவணைக்குப் பிள்ளையின் சப்பாத்தும் புத்தகப் பையும் கொப்பிகளும் வாங்கக் கிழமைக் கடன் எடுக்கும் வீட்டில், அந்தக் கடன் இல்லாமல் போவதற்கு இந்தத் தொகை போதும். இந்த முறையால் கிடைப்பது அவ்வளவுதான். அது சிறியதல்ல என்பது என் எண்ணம்.

எப்படிச் செய்வது?

முதலில் நாளைத் தெரிவுசெய்வது. பெரும்பாலானோர் மாதக் கடைசியைத் தெரிவுசெய்வார்கள், கையில் ஒன்றும் இல்லாததால். அந்த நாட்களில் விட்டுக்கொடுக்க எதுவும் இருக்காது, பசிதான் இருக்கும். செலவில்லா நாள் உண்மையாக வேலைசெய்வது சம்பளத்துக்கு அடுத்தடுத்த நாட்களில். சம்பள நாளில் தோட்டத்துக்கு யார் யார் வருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்: புடவை வியாபாரி, பாத்திரக்காரர், கடலை வண்டி, சீட்டுக்காசு சேர்ப்பவர், கடன் வசூலிப்பவர். அன்று கடைப்பற்றைக் கட்ட வேண்டும், கடன் தவணையைக் கொடுக்க வேண்டும், மாதத்துக்கு வேண்டிய மா, அரிசி, பருப்பு, தேங்காய், சவர்க்காரம், மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். அதைச் சம்பள நாளிலேயே முடித்துவிட்டு, அடுத்த இரண்டு நாட்களையும் செலவில்லா நாட்களாக வைத்துக்கொண்டால், காசு அதிகமாகக் கசியும் நேரத்தில் கதவு சாத்தப்படுகிறது. பிறகு கிழமைக்கு ஒரு நாள் போதும்.

இரண்டாவது, டவுனுக்குப் போகும் பயணங்கள். றக்வான டவுனுக்கு இறங்கித் திரும்ப ஓட்டோ பிடித்தால், வாங்கும் பொருளைவிட வாடகை கூடிவிடும் தோட்டங்கள் உண்டு. மூன்று தடவை போவதை ஒன்றாக்குவதும், பக்கத்துக் காம்பராக்காரரோடு சேர்ந்து ஓட்டோ பிடிப்பதும், இரண்டு வீடு சேர்ந்து ஒரு மூடை மா எடுத்துப் பங்கிடுவதும் மிக்ஸர் பக்கட்டை நிறுத்துவதைவிட அதிகமாக மிச்சம் தரும்.

மூன்றாவது விடயம் கொஞ்சம் நீளமானது, போயா தினம் அதை விளக்கும். போயா நாட்களில் இலங்கை முழுவதும் மதுக்கடைகள் சட்டப்படி மூடப்படுகின்றன. அரசாங்கமே கொண்டுவந்த செலவில்லா நாள் என்று சொல்லலாம். ஆனால் முதல் நாள் மாலை அந்தக் கடைகளின் முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு விளைவு தெரியும். வாங்குவது நிற்கவில்லை, ஒரு நாள் முன்னே நகர்ந்திருக்கிறது. சில இடங்களில் கசிப்புப் பக்கமும் நகர்கிறது. வீட்டுச் செலவிலும் இதே தந்திரம் நடக்கும். நாளை செலவில்லா நாள் என்று இன்றே இரண்டு பக்கட் பிஸ்கட் வாங்கினால் அந்த நாளைக் கலண்டரில் குறிக்கத் தேவையில்லை. அதனால்தான் நாட்களை மட்டும் எண்ணாமல், மாத முடிவில் கடைக் கொப்பியின் மொத்தத்தைப் போன மாதத்தோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. மொத்தம் குறையவில்லை என்றால் எட்டு நாள் பன்னிரண்டானாலும் பயனில்லை.

மதுவைப் பற்றிச் சொன்னபடியால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் ஒருவர் மட்டும் இருக்கும் செலவில்லா நாள், பல வீடுகளில், பெண் மட்டும் இருக்கும் செலவில்லா நாளாகவே முடிகிறது. அவள் வெற்றிலையை விடுவாள், பஸ்ஸை விட்டு நடப்பாள், தன் தட்டில் கறியைக் குறைப்பாள். அவர் பின்னேரம் டவுனுக்குப் போய்வருவார். இப்படியானால் தொடங்காமலிருப்பதே மேல். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி தோட்டத்துறையில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 31.7 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். நாடு முழுவதும் அது 17.3 சதவீதம். இந்தப் பின்னணியில் முட்டை, பருப்பு, நெத்தலி, பிள்ளையின் பால், கர்ப்பிணியின் சாப்பாடு, மருந்து, வைத்தியசாலைக்குப் போகும் ஓட்டோ ஆகியவற்றில் எதையும் செலவில்லா நாள் தொடக்கூடாது. கடன் தவணை கட்டுவதாலும் அந்த நாள் கெடாது.

அன்றைக்கு என்ன சமைப்பது என்பதற்குச் சப்ரகமுவ ஈரநிலம் கொஞ்சம் கைகொடுக்கிறது. பலாவும் ஈரப்பலாவும் காய்க்கும் மாதங்கள் உண்டு. மரவள்ளி, வல்லாரை, முருங்கைக் கீரை, வாழைப்பூ கிடைக்கின்றன. செலவில்லா நாளை இவற்றின் பருவத்தோடு பொருத்திக்கொள்ளலாம். ஆனால் ‘வீட்டுத்தோட்டம் செய்யுங்கள்’ என்று மேடையில் சொல்பவர்கள் லயத்து முன்றிலின் அகலத்தை அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். நிலம் தொழிலாளியுடையதல்ல, நட்டதில் பாதியைக் குரங்கும் பன்றியும் கொண்டுபோகும்.

நான்காவதுதான் இந்த முறையின் மிகப் பெரிய பயன் என்று நினைக்கிறேன். அது செலவோடு தொடர்புடையதே அல்ல. செலவில்லா நாளைக் குறிக்க வீட்டில் ஒரு கொப்பியோ கலண்டரோ வேண்டும். அதே தாளின் மறுபக்கத்தில் அன்றைய பேரையும் கொழுந்தின் கிலோவையும் எழுதிவையுங்கள். எழுதத் தெரியாத பாட்டிக்குப் பள்ளிக்கூடம் போகும் பேத்தி எழுதிக்கொடுக்கலாம். முழுப்பேருக்கு ஒரு கோடு, அரைப்பேருக்கு அரைக் கோடு என்று பாட்டியே கீறினாலும் போதும். மாத முடிவில் அதைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள். சீட்டில் ஒரு பேர் விடுபட்டிருந்தால் போவது 1,350 ரூபா, மேலே சொன்ன கணக்கில் ஒன்பது செலவில்லா நாட்களின் மிச்சம். முழுப்பேர் அரைப்பேராக எழுதப்பட்டிருந்தால் 675. நாளும் கிலோவும் குறித்த தாளோடு கணக்கப்பிள்ளையிடமோ தலைவரிடமோ போனால், ‘எனக்கு ஞாபகம் இருக்கிறது’ என்று சொல்ல வேண்டிய நிலை வராது. ஹானி மொட்டோகோவின் புத்தகம் குடும்பத் தலைவி என்ன செலவழித்தாள் என்று கேட்டது. தோட்டத்தில் கொப்பி வைக்கும் பெண், தனக்கு என்ன வர வேண்டும் என்பதையும் அதே கொப்பியில் கேட்கலாம்.

கடைக்காரரை எதிரியாக நினைக்கவும் தேவையில்லை. அவசரத்துக்குக் கொடுப்பவர் அவர்தான், வட்டியும் கேட்பதில்லை. விலை நாளுக்கு நாள் மாறிய 2022இல் கொப்பியில் கொடுத்துவிட்டுக் காத்திருந்த சிறு கடைக்காரருக்கும் அது இலகுவான ஆண்டாக இருக்கவில்லை. கொப்பிக்கு வரும் நாட்களைக் குறைத்தால் அடுத்த தடவை கொடுப்பாரா என்ற பயம் இயல்பானது. சம்பள நாளில் பாக்கி வைக்காமல் தீர்ப்பவருக்கு மறுக்கும் கடைக்காரர் குறைவு. கடனுக்கு வாங்கும்போது பெரும்பாலும் விலை கேட்பதில்லை என்பதைமட்டும் மாற்றிக்கொள்ளலாம்: ஒவ்வொரு வரியும் எழுதப்படும்போதே விலையைக் கேட்டு, வீட்டுக் கொப்பியிலும் எழுதிக்கொள்வது.

உண்மையான ஆபத்து வேறு கடனில் இருக்கிறது. வடக்கு, கிழக்கில் போருக்குப் பின்னர் நுண்கடன் நிறுவனங்கள் பெண்களைக் குழுக்களாக்கிக் கடன் கொடுத்ததையும், கிழமைத் தவணைக்காக இன்னொரு நிறுவனத்தில் கடன் எடுக்கும் நிலை வந்ததையும் வாசகர்கள் அறிவார்கள். 2018இல் அரசாங்கம் வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு விதிக்க வேண்டிவந்தது. அதே ஆண்டு இலங்கைக்கு வந்த ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கியும் இந்தப் பெண்களின் நிலையைச் சுட்டிக்காட்டினார். கிழமைத் தவணை இரண்டு மூன்று ஓடும் வீட்டில் செலவில்லா நாள் எதையும் தீர்க்காது. அங்கே மிஞ்சும் 1,200 ரூபா நேரே தவணைக்குள் போய்விடும். அப்படியான வீடுகள் முதலில் எந்தக் கடன், எவ்வளவு வட்டி, இன்னும் எத்தனை தவணை என்பதை ஒரு தாளில் எழுதி, மிகக் கூடிய வட்டியுள்ள ஒன்றை முடிப்பதையே குறியாக வைக்க வேண்டும். புதிய கடன் எடுக்காத மாதம்தான் அவர்களுடைய செலவில்லா நாள்.

வடக்கில் செலவில்லாமல் வாழ்ந்த ஒரு காலம் இருந்தது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது எரிபொருள், மின்கலம், சீமெந்து, உரம் எல்லாம் தடைப்பட்டன. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் வைத்து விளக்கெரித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அந்தக் காலத்தின் கெட்டித்தனத்தை இன்று பெருமையோடு நினைவுகூர்கிறோம், சரிதான். ஆனால் அது யாரும் தெரிவுசெய்த சிக்கனம் அல்ல. தடை நீங்கிய பிறகு, அதுவரை மறுக்கப்பட்டதையெல்லாம் வாங்க வேண்டும் என்ற வேகம் வந்ததும், தவணைக்குப் பொருள் கொடுக்கும் நிறுவனங்கள் அந்த வேகத்தைப் பயன்படுத்திக்கொண்டதும் 2009க்குப் பின் ஏ9 வீதி நெடுகப் பார்க்கக் கிடைத்தவை. தோட்டத்திலும் பிள்ளைகளுக்கு ‘இல்லை, இல்லை’ என்று மட்டும் சொல்லி வைக்கும் செலவில்லா நாள் இப்படித்தான் உடைந்துபோகும். எதற்காகச் சேர்க்கிறோம் என்பதை அவர்களுக்கும் சொல்லி, கலண்டரில் வட்டம் போடும் வேலையை அவர்களிடமே கொடுத்துவிடுவது நல்லது.

தொடங்குவதற்கு எல்லா மாதமும் பொருந்தாது. தீபாவளி மாதமும் முற்பணம் கழியும் அடுத்த மாதங்களும் வேண்டாம். இறப்பர் வெட்டுபவர்களுக்கு மழை நாளில் பேர் விழாது, ஆகவே தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களும் வேண்டாம். கொழுந்து நன்றாக வரும், பேர் இருபதைத் தாண்டும் ஒரு மாதத்தில், சம்பளத்துக்கு மறுநாள், ஒரே ஒரு நாளில் ஆரம்பிக்கலாம்.